பன்னிரண்டு மில்லியும் அரை இஞ்சும்

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரித்தால் எனக்கு இன்னும் கேவலம். பன்னிரண்டு மில்லிமீட்டரும் அரை இஞ்சும் ஒன்றுதான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். சும்மா நம்பவில்லை, "இதுகூடத் தெரியாதா?" என்று நாலு பேரை மட்டம் தட்டுகிற அளவுக்கு நம்பினேன்.

பிளைவுட்டோடு பழகின யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆறு மில்லி பலகை என்றால் கால் இஞ்ச், பன்னிரண்டு மில்லி என்றால் அரை இஞ்ச், பதினெட்டு என்றால் முக்கால். கார்பெண்டர் அப்படித்தான் கேட்பார், கடைக்காரர் அப்படித்தான் கொடுப்பார், வீடு கட்டுகிறவரும் தலையாட்டி வாங்கிக்கொண்டு போவார். சரியாக அளந்தால் அரை இஞ்ச் என்பது பன்னிரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த மிச்சம் எங்கே போயிற்று என்று இதுவரை யாரும் போலீசில் புகார் கொடுத்ததில்லை.

இதெல்லாம் ஞாபகம் வரக் காரணம், வைட்ஃபீல்டில் எங்கள் அபார்ட்மெண்டின் ஆறாவது மாடி கார்த்திக். ஈரோட்டுக்காரர், சாஃப்ட்வேர் வேலை, வாரக்கடைசியில் பால்கனியில் தச்சுவேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மிஷினைப் போட்டால் என் காதுக்குள் யாரோ பல் பிடுங்குவது போலிருக்கும். வாட்ஸப் குழுவில் அவருக்கு எதிராக நான்கு முறை எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு மறுபடி மிஷினைப் போடுவார். அப்பேர்ப்பட்ட விரோதி போன வாரம் லிஃப்டில் என்னிடம் போனை நீட்டினார்.

"அங்கிள், நீங்க முன்னாடி ஃபர்னிச்சர் லைன்ல இருந்தீங்களாமே? ரவுட்டர் பிட்டு எது நம்பி வாங்கலாம்?"

அங்கிள்! தலைக்குச் சாயம் பூசி முழுசாக இரண்டு நாள்கூட ஆகவில்லை.

ரவுட்டர் என்றதும் உங்கள் வீட்டு வைஃபை டப்பாவை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது கையில் பிடித்து ஓட்டுகிற மரவேலை மிஷின். அதன் வாயில் பிட்டைச் சொருகி இறுக்கி ஓட்டினால், பலகையில் பள்ளம் பறிக்கலாம், ஓரத்தை உருட்டலாம். பிட்டு என்பது அந்த மிஷினின் பல். வாய் எவ்வளவு பெரிசானாலும் பல் சொத்தையென்றால் கதை முடிந்தது.

கார்த்திக் காட்டியது ஒரு செட். மரப்பெட்டி, உள்ளே வெல்வெட், அதில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் போல ஆரஞ்சு வண்ணத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிட்டுகள். விரோதியாக இருந்தாலும் தெரிந்ததைச் சொல்லாவிட்டால் எனக்கு வயிறு உப்பிக்கொள்ளும். வண்ணத்தைப் பார்க்காதீர்கள் என்றேன். நுனியில் ஒட்டியிருக்கும், மரத்தை வெட்டுகிற கார்பைடுத் துண்டு தடிமனாக இருக்கிறதா என்று பாருங்கள். மெலிசாக இருந்தால் இரண்டு தடவை சாணை பிடித்தாலே தேய்ந்துவிடும். அது, மிஷின் வாய்க்குள் போகிற தண்டோடு சேரும் இடத்தில் பற்றவைப்பு இடைவெளி இல்லாமல் ஓடியிருக்க வேண்டும். பேரிங் இருந்தால் விரலால் சுற்றிப் பாருங்கள், கரகரவென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெட்டி நிறைய வாங்கினால் பத்துக்கு எட்டைத் தொடவே மாட்டீர்கள். வேண்டிய மூன்றை மட்டும் நல்லதாக வாங்குங்கள்.

"ரிவ்யூ எல்லாம் செமையா இருக்கே, அங்கிள்."

"வந்த அன்னிக்கே எழுதின ரிவ்யூவா இருக்கும். கல்யாணமான மறுநாள் மாப்பிள்ளையப் பத்திக் கேட்டா எல்லாரும் அஞ்சு ஸ்டார்தான் குடுப்பாங்க."

அப்போதுதான் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் அது கண்ணில் பட்டது. தண்டு: பன்னிரண்டு மில்லி.

"உங்க மிஷின் வாய் என்ன சைஸு?"

"ஹாஃப் இஞ்ச். ரெண்டும் ஒன்னுதானே?"

நான் கத்திய கத்தலில், மூன்றாவது மாடியில் நாய்க்குட்டியோடு ஏறின அம்மாள் ஏறின வேகத்திலேயே இறங்கிவிட்டார். "கேன்சல் பண்ணுங்க! இப்பவே! என் கண்ணு முன்னாடி!" கார்த்திக் பயந்து கேன்சல் பண்ணிவிட்டார். அவர் சட்டையிலிருந்து கருகின பிளைவுட் வாசம் வந்தது. பால் பொங்கி வழிந்து அடுப்பில் தீய்ந்து, அதில் யாரோ பிசினைக் கொட்டினால் வருமே, அந்த வாசம். நான் தரைத்தளத்தில் இறங்க மறந்து மறுபடி ஆறாவது மாடிக்குப் போய் வந்தேன்.

அந்த வாசத்தில் மூன்று வருஷம் சாப்பிட்டிருக்கிறேன். தொம்மலூர் பழைய ஊருக்குள், இரண்டு ஆபீஸ் கட்டடங்களுக்கு நடுவே, தகரக் கூரை போட்ட ஃபர்னிச்சர் ஷெட். திருவண்ணாமலையிலிருந்து பி.காம். பட்டத்தோடு வந்த எனக்கு அங்கே சாமான் வாங்குகிற வேலை. மரம் எந்தப் பக்கம் முளைக்கும் என்று தெரியாத எனக்குத் தனி மேஜை, ஸ்டாக் ரெஜிஸ்டர், ஒரு பூட்டு, ஒரு சாவி. சாவி கையில் இருப்பவனுக்கு வருகிற திமிர் இருக்கிறதே, அதற்குத் தனியாகப் பட்டம் தேவையில்லை.

மிஷின் ஓட்டுகிறவன் சேவியர். ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம். என் வயசுதான். ரவுட்டரை அவன் பிடித்தால் கோடு போட்ட மாதிரி போகும். வாயைத் திறந்தால் மட்டும் என் பக்கமாகத் திரும்பும்.

"இன்னா சார், இன்னிக்கு எத்தினி மரம் எழுதினீங்கோ?" என்பான். "நாங்க அறுக்கறோம். நீங்க எழுதறீங்கோ. மரத்துக்கு ரெண்டு பக்கமும் பேஜாரு."

நாங்கள் முதல் நாளிலிருந்தே பகை. காரணம் கேட்டால் இரண்டு பேருக்கும் தெரியாது. ஷெட்டில் இருந்த ஒரே ஃபேனை நான் என் பக்கம் திருப்பிக்கொள்வேன். அவன் தூள் முழுக்க என் மேஜையில் வந்து விழுகிற மாதிரி பலகையைத் திருப்பிப் போட்டுக்கொள்வான். நான் டப்பாவைத் திறந்தால் தயிர்சாதத்தின் மேல் பொன்னிறமாக மரத்தூள் தூவியிருக்கும். "நார்ச்சத்து சார், நல்லது" என்று தூரத்திலிருந்து குரல் வரும். பதிலுக்கு நான் மேடத்திடம் போய், சேவியர் காதில் பஞ்சு வைப்பதில்லை, கண்ணாடி போடுவதில்லை என்று கோள் சொல்வேன். அவன் பாதுகாப்பில் எனக்கு அவ்வளவு அக்கறை.

மேடம் என்றால் ஷெட்டின் முதலாளி. அவர் மாமனார் காலத்தில் சர்க்கார் வேலைக்காக இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். சாதாரணமாகத் தமிழில் பேசுவார், கோபம் வந்தால் கன்னடத்துக்கு மாறிவிடுவார். அவர் எந்த பாஷையில் கூப்பிடுகிறார் என்று கேட்டுவிட்டுத்தான் நாங்கள் பக்கத்தில் போவதா, பாத்ரூமுக்குப் போவதா என்று முடிவு செய்வோம்.

ஒரு ஆபீசுக்கு மீட்டிங் மேஜைகள் செய்கிற ஆர்டர் வந்தது. ஒவ்வொரு மேஜையின் நடுவிலும் ஒயர் போக நீளப் பள்ளம் பறிக்க வேண்டும். அதற்கு நல்ல பிட்டு வாங்க, மிஷின் சாமான் கடைகள் நெருக்கியடிக்கும் எஸ்.பி. ரோட்டுக்கு என்னை அனுப்பினார்கள். கடைக்காரர் கேட்டார்: "தண்டு ஹாஃப் இஞ்சா, ட்வெல்வா சார்?" நான் சிரித்தேன். பாவம், வியாபாரத்துக்குப் புதுசு போலிருக்கிறது என்று நினைத்தேன். "ரெண்டும் ஒன்னுதான், எது பளபளன்னு இருக்கோ அதக் குடுங்க" என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பின்னால் கூட்டம் நின்றது. கொடுத்துவிட்டார். நான் வந்து ரெஜிஸ்டரில் அழகான கையெழுத்தில் 'அரை இஞ்ச் பிட் - ஆறு' என்று எழுதிக்கொண்டேன்.

சேவியர் ஒன்றை எடுத்து மிஷின் வாயில் சொருகினான். வெளியே எடுத்தான். மறுபடி சொருகினான்.

"லூசா உக்காருது சார் இது."

"உன் மிஷின் தேஞ்சிருக்கும். நல்லா இறுக்கு."

"சும்னே ஆர்டர் போடாத சார். கையில புடிச்சுப் பாரு."

"நீ மொதல்ல ஸ்பானரப் புடி."

இறுக்கினால் பிடித்த மாதிரிதான் இருந்தது. அதுதான் அதன் வஞ்சகம். மிஷின் ஓட ஓட, பிட்டு மெல்லக் கீழே நழுவும். மேஜையின் இந்த முனையில் ஆறு மில்லி ஆழத்தில் ஆரம்பித்த பள்ளம், அந்த முனைக்குப் போகும்போது பத்தாகிவிடும். முதல் மேஜை போயிற்று. இரண்டாவது மேஜையும் போயிற்று. மேடம் வந்து விரலை விட்டுப் பார்த்தார்.

"யாரு மாடித்து இது?" யார் செய்தது என்று கன்னடத்தில் கேட்டுவிட்டார். எல்லோரும் ஓரடி பின்னால் போனோம். சேவியர் மட்டும் நின்றான்.

"பிட்டு சறுக்குது மேடம்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் ரெஜிஸ்டரை விரித்துக் காட்டினேன். அரை இஞ்ச் வாய், அரை இஞ்ச் பிட்டு. காகிதம் சொல்வதை யார் மறுக்க முடியும்? மேடம் சேவியரிடம் தமிழிலேயே சொன்னார்; அது இன்னும் மோசம். "இன்னொரு பலகை கெட்டுதுன்னா, நீ நாளைக்கு வர வேணாம்ப்பா."

சேவியர் என் மேஜைக்கு வந்தான். எனக்குத் தெரிந்து அவன் குரலை இறக்கிப் பேசியது அன்றைக்கு மட்டும்தான். "சார், நமக்குள்ள ஆயிரம் கிரிக்கு, சண்டை இருக்கட்டும். இந்த வேலை எனக்கு வேணும். பிட்ட மாத்திக் குடு." வீட்டில் இரண்டாவது குழந்தை பிறந்து அப்போது ஒரு மாசம். எனக்கும் தெரியும். லட்டு கொடுத்தபோது வாங்கிக்கொண்டு, சர்க்கரை கம்மி என்று சொன்னவன் நான்.

"பிட்டு சரியாத்தான் இருக்கு. நீ கைய சரி பண்ணு," என்றேன். அவன் வேண்டுமென்றே என்னை மாட்டிவிடப் பார்க்கிறான் என்று சத்தியமாக நம்பினேன். பகை இருக்கிற இடத்தில் கணக்குப் பாடம் ஏறாது.

மூன்றாவது மேஜை அன்றைக்கு மத்தியானம். அவன் என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்து, இரண்டு ஸ்பானரைப் போட்டு, கழுத்து நரம்பு தெறிக்க இறுக்கினான். "பாத்துக்கினியா? அப்பறம் பேசக்கூடாது." மிஷினைப் போட்டான். பாதி மேஜை வரை போயிருப்பான். சத்தம் மாறிற்று. பிறகு 'டங்' என்று தகரக் கூரையில் ஒன்று மோதித் திரும்பி, என் மேஜைக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த பலகையில் குத்திக்கொண்டு நின்றது. பிட்டு.

அடுத்த இரண்டு விநாடிகளில் நான் செய்த காரியத்துக்கு ஒலிம்பிக்கில் தனிப் போட்டி வைக்கலாம். டெலிவரிக்குத் தயாராக நின்ற துணி அலமாரிக்குள் பாய்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அலமாரிக்கு உள்ளே கைப்பிடி வைக்கிற வழக்கம் இல்லை என்பது சாத்தின பிறகுதான் உறைத்தது. இருட்டு, வார்னிஷ் நாற்றம், முழங்கால் மோவாயில். "செத்தேன், செத்தேன்" என்று யாரோ அலறுவது கேட்டது. யாரென்று உற்றுக் கேட்டால் நான்தான்.

கதவைத் திறந்துவிட்டவன் சேவியர். கன்னத்தில் சிராய் கிழித்து ரத்தக் கோடு.

"வெளிய வா சார். சுத்தறது நின்னுடுச்சு."

அவனுக்குப் பின்னால் மேடம். "ஏனாயித்து?" என்ன ஆச்சு என்கிறார், கன்னடத்தில். தலையில் மாட்டின துணி ஹேங்கரோடு, நான் அலமாரிக்குள் நின்றபடியே சொன்னேன்: "சேவியர் டைட் பண்ணல மேடம்."

அவன் என்னைப் பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். அவனோ கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, தன் ஸ்பானர் இரண்டையும் துணியில் சுற்றினான்.

அந்த ஷெட் இப்போது இல்லை. அந்தச் சந்தில் கண்ணாடிக் கட்டடம் வந்துவிட்டது. கீழே காபிக் கடை. மேஜைகள் எல்லாம் எங்கிருந்தோ பெட்டியில் வந்து இறங்கி, ஒரு சாவியால் முடுக்கி நிறுத்தப்பட்டவை. மேடம் ஷெட்டை விற்றுவிட்டு மைசூரில் மகளோடு இருக்கிறார். எஸ்.பி. ரோட்டில் அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். தண்டு எந்த சைஸ் என்று யாரும் முகத்தைப் பார்த்துக் கேட்பதில்லை. பொடி எழுத்தில் போட்டிருக்கிறது, படிப்பவர் படிக்கலாம். ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் ஏழெட்டு முறை போயிருக்கிறேன். இரண்டு பேரிடம் விசாரித்தேன். ஒருவர் துபாய் என்றார், இன்னொருவர் ஓசூர் என்றார். எந்த சேவியர் என்று கேட்டபோது எனக்கு அடையாளம் சொல்லத் தெரியவில்லை. "என்கூட சண்டை போடுவாரே, அவரு" என்றா சொல்வது?

இந்த அலமாரிக் கதையை ஆபீஸ் பார்ட்டிகளில் நிறையச் சொல்லியிருக்கிறேன். ஹேங்கர் வரும் இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அங்கேயே நிறுத்திக்கொள்வேன். அதற்குப் பிறகு நடந்தது இவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, பலகையிலிருந்து பிட்டைப் பிடுங்கி, வெர்னியர் அளவுகோலில் வைத்து அளந்தேன். மூன்று தடவை அளந்தேன். மறுநாள் சனிக்கிழமை, யாருக்கும் சொல்லாமல் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ஆறையும் கொடுத்துவிட்டு, சரியான அரை இஞ்ச் தண்டில் ஆறு வாங்கி வந்தேன். ரெஜிஸ்டரில் எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை. திங்கட்கிழமை புது ஆள் வந்தார். பள்ளம் ஒரே சீராக விழுந்தது. மேடம் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "ஆள மாத்தினதும் சரியாயிடுச்சு பாத்தியா?" என்றார்.

"ஆமா மேடம்," என்றேன்.