சூடேறாத வண்டி

வண்டி கொதித்துப்போய் வருவதுதான் வழக்கம். ரேடியேட்டரில் ஆவி பறக்கும், டிரைவர் முகத்தில் ஈயாடாது, பின்னால் வருகிறவனெல்லாம் ஹார்ன் அடித்துத் திட்டிக்கொண்டே போவான். சூடே ஏறமாட்டேன் என்கிறது என்று புகார் சொல்லி ஒரு வண்டி வருவது அபூர்வம். அப்படி வந்த ஒரு டீசல் கார்தான் நாடியைச் சாய்த்தது.

நாடி என்பது பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிக்காரர்களுக்கு மட்டும் தெரியும். எந்த வண்டி வந்தாலும் அவர் முதலில் ஸ்பானரை எடுக்கமாட்டார். பானெட்டைத் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டு, கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். வைத்தியர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பது மாதிரி இருக்கும் என்று எவனோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. "மூணாவது இன்ஜெக்டர் சரியா அடிக்கல" என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவதுதான். பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பிப்போனவற்றைப் பற்றி ஊரும் பேசாது, அவரும் பேசமாட்டார்.

மீசை முளைக்கும் முன்பே ஒரு பட்டறையில் பாகங்களை டீசலில் கழுவ உட்கார்ந்தவர். படிப்பு மண்டையில் ஏறவில்லை, வேலை கையில் ஏறியது. கல்யாணமான கையோடு தகரக் கூரை போட்டுச் சொந்தமாக ஒரு பட்டறை தொடங்கினார். சில வருஷத்தில் மனைவியின் தம்பி வந்து சேர்ந்துகொண்டான். மைத்துனன் கெட்டிக்காரன், வாய் குறைவு. வண்டியின் கம்ப்யூட்டரில் சொருகினால் சூடு எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் ஸ்கேனர் ஒன்று வாங்கலாம் என்று வருஷா வருஷம் கேட்பான். "கை இருக்கறப்ப மிஷின் எதுக்குடா?" என்று நாடி வருஷா வருஷம் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பயமும் இருந்தது. மிஷின் வந்துவிட்டால் பட்டறையில் தனக்கு என்ன வேலை என்ற பயம். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடம்கூட.

இன்னொரு பெருமையும் அவருக்கு உண்டு. ஓடி வந்த வண்டியின் ஆயில் ஃபில்டரை வெறுங்கையால் கழற்றுவார். மைத்துனன் துணியைச் சுற்றிக்கொண்டு "ஸ்ஸ்" என்று கையை உதறும்போது, இவர் கொதிக்கிற டீ டம்ளரை உள்ளங்கையில் அடக்கிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். "இது உழைச்சு மரத்த கைடா" என்பார். இளம்வயதில் அவரும் கையை உதறியவர்தான். மெக்கானிக்குகளின் உலகத்தில் சூடு தாங்குகிற கை என்றால் அது ஒரு பட்டம். அதை வியாதி என்று எந்த மெக்கானிக் நினைப்பான்? சின்ன நட்டுகள் விரலிலிருந்து நழுவ ஆரம்பித்தபோதும் கண் மங்குகிறது என்று மூக்குக்கண்ணாடியை மாற்றினார். சர்க்கரைக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை ஞாபகம் வந்தால் போட்டுக்கொண்டார்.

அந்த டீசல் கார் கணக்கு டீச்சருடையது. மேட்டுத் தெருவில் வீடு, இறக்கத்தின் அடியில் பள்ளிக்கூடம். பல வருஷமாக நாடியிடமே வண்டியை விடுகிறவர்.

"சூடு காட்டற முள்ளு பாதிக்குக்கூட வர மாட்டேங்குதுங்க" என்றார் டீச்சர். "இறக்கத்துல வந்தா இன்னும் கீழ போயிடுது. ஹீட்டர் போட்டா சில்லுனு காத்து வருது. டீசலும் முன்னைவிட அதிகமா குடிக்குது."

"ரெண்டுல ஒண்ணு டீச்சர்" என்றார் நாடி. "எஞ்சின் நிஜமாவே சூடாகாம இருக்கணும். இல்ல, சூடாகியும் மீட்டர் பொய் சொல்லணும். காலையில ஆறின வண்டியா பார்த்தாதான் தெரியும். விட்டுட்டுப் போங்க."

மறுநாள் காலை, ராத்திரியெல்லாம் பனியில் நின்ற வண்டியைக் கிளப்பினார். இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்ன வால்வு. எஞ்சின் சூடாகும்வரை அது மூடிக்கொண்டு தண்ணீரை உள்ளேயே சுற்றவிடும், சூடு போதுமான பிறகுதான் திறந்து ரேடியேட்டருக்கு அனுப்பும். ஆகவே மேல் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு ஹோஸ் சில்லென்றே இருந்தால் வால்வு நல்ல வால்வு. ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால், வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டுவிட்டது, எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே கிடக்கும். பிடித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

நாடி பிடித்தார், கண்ணை மூடினார். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. ஹோஸ் சில்லென்றே இருந்தது.

"வால்வு நல்லாத்தான் இருக்கு. மீட்டருக்குச் சூட்டைச் சொல்ற சென்சார்தான் போச்சு" என்றார்.

பக்கத்து வண்டிக்கு அடியிலிருந்து மைத்துனன் தலையை நீட்டினான். "ஹீட்டரும் சூடாகலைன்னு டீச்சர் சொன்னாங்களே, மாமா?"

"அது தனி. ஹீட்டர் குழாய்ல அடைப்பு இருக்கும்."

ஒரே வியாதிக்கு இரண்டு பெயர் வைத்தால் எங்கேயோ உதைக்கிறது என்று அர்த்தம். வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நாடியே கிண்டலடித்துக் கொன்றிருப்பார். ஆனால் கை சொல்லிவிட்டதே. மைத்துனன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். சென்சாரை மாற்றினார், ஹீட்டர் குழாயைக் கழுவினார், வண்டியைக் கொடுத்து அனுப்பினார்.

அந்த வாரமே டீச்சர் திரும்பி வந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நாடிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "அப்படியேதாங்க இருக்கு. அவசரமில்ல, நீங்க பார்த்தா சரியா இருக்கும்" என்று சாவியை நீட்டினார். அந்த நம்பிக்கை நாடியின் தோளில் மூட்டையாக உட்கார்ந்தது.

மறுநாள் காலையில் மைத்துனன் உதிரிபாகக் கடைக்குப் போயிருந்தான். நாடி தனியாக வண்டியைக் கிளப்பி மேல் ஹோஸைப் பிடித்தார். சில்லென்று இருந்தது. வெகுநேரம் பிடித்திருந்தார். அப்போதும் ஒரு மாற்றமும் இல்லை. மீட்டர் பெட்டியிலேயே கோளாறா, வயரில் கோளாறா என்று யோசித்துக்கொண்டே, பின்பக்க வயரைப் பார்க்கக் குனிந்தார். சட்டைக் கை சுருட்டியிருந்தது. முழங்கைக்குக் கீழே, உள்பக்கத் தோல் ஹோஸில் பட்டது.

சூடு.

கையை எடுத்தார். உள்ளங்கையை வைத்தார், ஒன்றும் இல்லை. முழங்கைப் பக்கத்தை வைத்தார், நல்ல சூடு. மறுபடி உள்ளங்கை, மறுபடி ஒன்றும் இல்லை. மற்ற கையை வைத்தார். அதுவும் ஊமையாக இருந்தது. கடைசியில் குனிந்து கன்னத்தை ஹோஸில் வைத்தார். டீசலும் ரப்பரும் நாறின. கன்னம் சுட்டது. இத்தனை நாள் அவர் "சில்லென்று" நினைத்ததெல்லாம் குளிர்ச்சியே இல்லை, வெறும் இல்லாமை. அது அவருக்கு அப்போது புரிந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு, பழைய டயர்மேல் உட்கார்ந்தார். இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை விரல் இடுக்கில் ஒரு கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது. எப்போது சுட்டது என்று அவருக்குத் தெரியவில்லை.

எத்தனை வண்டிகளில் இந்தக் கையை வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருப்பார்? பேரிங் நல்லது, போகலாம் என்று அனுப்பிய வண்டிகள். பிரேக் டிரம் சூடாகவில்லை, பயமில்லை என்று அனுப்பிய வண்டிகள். அவை எந்தெந்தச் சாலையில் ஓடிக்கொண்டிருக்கின்றனவோ. அந்த நினைப்பு வந்ததும் எழுந்து நின்றுவிட்டார், உட்கார முடியவில்லை.

முள் ஏறும் முன்பே ஹோஸ் சூடாகிறது என்றால் கோளாறு வால்வில்தான். மைத்துனன் திரும்பி வருவதற்குள் அந்த வால்வின் மூடியைக் கழற்றிவிட வேண்டும் என்று அவசரப்பட்டார். போல்ட் இரண்டு முறை விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. மைத்துனன் வந்துவிட்டான். போல்ட்டைப் பொறுக்கிக் கொடுத்தான், அவனே கழற்றினான். தெர்மோஸ்டாட் வெளியே வந்தது. ஆறினதும் இறுக மூடிக்கொள்ள வேண்டியது, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. உள்ளே ஸ்பிரிங் ஒடிந்திருந்தது.

"முழுசா திறந்தே கிடக்கு மாமா" என்றான். "அன்னிக்கு ஹோஸ் சில்லுனு இருந்துச்சுன்னீங்களே."

"அன்னிக்கு மூடியிருந்திருக்கும்" என்றார் நாடி. "நேத்துதான் ஒடிஞ்சிருக்கும். சில சமயம் இப்படித்தான் கண்ணாமூச்சி ஆடும்."

மைத்துனன் ஸ்பிரிங் ஒடிந்த இடத்தைக் கட்டைவிரலால் துடைத்தான். ஒடிந்த முனை பளபளப்பாக இல்லை, துரு ஏறியிருந்தது. நேற்று ஒடிந்தது துருப்பிடிக்காது. அதை இரண்டு பேரும் பார்த்தார்கள். மைத்துனன் அதைக் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டு, "புதுசு ஒண்ணு வாங்கிட்டு வரேன்" என்று மறுபடி கிளம்பினான். மாமனின் மானத்தைக் காப்பாற்றுவதாக அவன் நினைத்திருக்க வேண்டும். நாடிக்கு அது கன்னத்தில் விழுந்த அறையாகத்தான் இருந்தது.

மத்தியானம் டீச்சர் வந்தபோது முள் நடுவில் வந்து அசையாமல் நின்றது. ஹீட்டரில் வெந்நீர்ப் பானையைத் திறந்தாற்போல் காற்று வந்தது. "நான் சொல்லல, உங்க கை பட்டா சரியாயிடும்னு" என்றார் டீச்சர். நாடி சிரித்து வைத்தார். கையைத் துடைக்கிற சாக்கில் துணிக்குள் மறைத்துக்கொண்டார்.

சாயங்காலம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீட்டுக்குப் போனார். வழி முழுக்க ஒத்திகை பார்த்தார். யாரிடமும் சொல்ல வேண்டாம். மாத்திரையை ஒழுங்காகப் போடுவோம். மைத்துனன் கேட்கும் ஸ்கேனரை வாங்கிக் கொடுத்துவிடுவோம், காலம் மாறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். கல்லாவில் உட்கார்ந்து வாடிக்கையாளரிடம் பேசலாம். பேச்சுக்குக் கை எதற்கு? மனசு கொஞ்சம் தேறியது.

மகள் பிரசவத்துக்குப் பிறகு இங்கேதான் இருந்தாள். அவர் செருப்பைக் கழற்றும்போதே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பேத்தியின் முகம் வாடியிருந்தது.

"மத்தியானத்துலேர்ந்து சிணுங்கிட்டே இருக்காப்பா. எனக்கு இவ உடம்பு எப்பவும் கதகதன்னுதான் தெரியுது. அம்மா ஒண்ணுமில்லங்கிறாங்க. நீங்க தொட்டுப் பாருங்க, காய்ச்சலா? ஆமான்னா இப்பவே டாக்டர்கிட்ட போயிடலாம்."

அவர் கையை நீட்டினார். பழக்கம், தானாக நீண்டது. குழந்தையின் நெற்றியில் வைத்தார். கண்ணை மூடவில்லை. குழந்தை அவரையே பார்த்தது. அவர் கைக்கு அடியில் நெற்றி இருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. "ஒண்ணுமில்லம்மா" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. பட்டறையில் சரளமாக வந்த பொய், இங்கே அதற்குமேல் வரவில்லை.

"எனக்குத் தெரியலம்மா" என்றார்.

மகள் சிரித்தாள். "விளையாடாதீங்கப்பா. உங்களுக்கா தெரியாது?"

அவர் கையை எடுக்கவில்லை.

"தெரியலம்மா. சூடா இருக்கா, சில்லுனு இருக்கான்னு என் கைக்குத் தெரியல. ரொம்ப நாளாவே தெரியல போல. நீ குழந்தைய எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட கிளம்பு."

மகளின் சிரிப்பு நின்றது. அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மற்றக் கையால் அப்பாவின் கையைப் பிடித்தாள். அவள் அதை அழுத்திப் பிடித்திருக்கிறாள் என்பது, குனிந்து பார்த்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது.