செமிலிங் வரை ஏழு நிழல்கள்

ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு ஓய்வு வந்தது. நானாகக் கேட்டு வாங்கியதல்ல. இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்த பிறகு, கூலிம் ஹைடெக் பூங்கா ஃபேக்டரியில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் இனி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சைக்கிள் மிதிக்கலாம், ஆனால் மெதுவாக என்றார். மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? அதை நினைத்தே ஒரு வாரம் எனக்குத் தூக்கம் இல்லை.

இப்போது காலையில் புக்கிட் செலம்பாவிலிருந்து செமிலிங் ஆறு வரை போய் வருகிறேன். மூன்றாம் பாரத்தோடு பள்ளியை விட்டவன். ஆனாலும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எங்கே கழிப்பறை, எந்தக் கிளினிக் சீக்கிரம் திறக்கும், இளைப்பாற எங்கெங்கே நிழல் என்று எல்லாம் அதில் உண்டு. மொத்தம் ஏழு நிழல்கள். நான் பசியாறும் கடைக்காரப் பாய் கேட்பார்: "என்ன அண்ணே, சைக்கிள் ஓட்ட வந்தீங்களா, ரோடு அளக்க வந்தீங்களா?"

அந்த நோட்டு என் மனைவிக்காக, அவளும் ஓய்வு பெற்று என்னோடு மிதிக்க வரும் நாளுக்காக. அவளும் அதே ஃபேக்டரிதான். பிள்ளைகள் தனியாக இருக்கக் கூடாது என்று இருபது வருஷம் எதிரெதிர் ஷிப்ட் பார்த்தோம். காலையில் அவள் வந்து இறங்கும் பஸ்ஸில்தான் இரவு வேலை முடித்த நான் வீடு திரும்புவேன். அவள் உட்கார்ந்து வந்த ஜன்னலோர இருக்கையைத் தேடிப் போய் உட்காருவேன். சூடு ஆறியிருக்காது. நாங்கள் குடும்பம் நடத்தியது பெரும்பாலும் அப்படித்தான்.

பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள். அவள் ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. அதுவரை இந்த நெஞ்சு தாங்குமா? அவளிடம் இதைக் கேட்டதில்லை.

போன ஞாயிறு அவளுக்கு லீவு. முதல் நாளே சொன்னாள்: "நாளைக்கு நானும் வரேன்லா. பாலம் வந்தா எறங்கித் தள்ளுவேன், சிரிக்கக் கூடாது."

காலையில் காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்தாள். மகள் விட்டுப்போன சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டுத் திரும்பினேன். தூங்கியிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்ப மனம் வரவில்லை. பக்கத்தில் படியில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து விழித்தாள். "ஏங்க எழுப்பல?"

"வெயில் ஏறிருச்சு. உள்ள போய்ப் படு."

"அடுத்த லீவுக்குக் கண்டிப்பா வருவேன். வேணும்னா உங்க நோட்டுல எழுதி வைங்க."

அவள் உள்ளே போனதும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். சூடு இருந்தது. அது ஆறும்வரை எழுந்திருக்கவில்லை.

பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். ஐந்தாவது நிழல் தந்த மரத்தை அதற்கு முந்தின வாரம்தான் வெட்டியிருந்தார்கள். அவள் வருவதற்குள் வேறு ஒன்று பார்த்து வைக்க வேண்டும்.