அருவிக்குத் தலையைக் கொடுத்த மாமேதை

நான் சொன்ன ஒரு வாக்கியம் தென்காசி வட்டாரம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கீழே என் பெயர் இல்லை. கன்னத்தில் கை வைத்து யோசிக்கும் ஒரு மாமேதையின் படமும் பெயரும் இருக்கின்றன. மனிதர் செத்துப்போய் எத்தனையோ காலம் ஆயிற்று. குற்றாலம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், கூடவே சிரிப்பும் வரும்.

நடந்தது இதுதான். நல்ல சீசன். மெயின் அருவியில் பெண்கள் பக்கம் நானும் என் தங்கச்சியும் நிற்கிறோம். அவளுக்குச் சென்னையில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் வேலை கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா விடமாட்டேன் என்கிறார். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். சென்னைத் தண்ணீர் சரியில்லை, வெயில் சரியில்லை, ஆட்கள் சரியில்லை, "நான் பாக்காத கேஸாட்டி?" என்று தினமும் ஒரு காரணம் வைத்திருந்தார். இவளோ அருவிக்குள் வராமல் ஓரத்துச் சாரலில் நின்றுகொண்டு, "அக்கா, பேசாம வேண்டாம்னு மெயில் போட்டுரவா?" என்கிறாள்.

எனக்கு வந்ததே கோபம்! அருவிச் சத்தத்தில் கத்தினால்தான் கேட்கும். அடித்தொண்டையில் கத்தினேன்.

"அருவின்னா தலையைக் கொடுக்கணும்ட்டி! தள்ளி நின்னு பாத்தா அது வெறும் தண்ணி!"

எண்ணெய் வழிய நின்ற ஒரு அம்மா, "நல்லாச் சொன்ன தாயி" என்று கை தட்டினார். தங்கச்சி தலையைக் கொடுத்தாள். பிறகு ஈரத் தலையோடு பஜ்ஜி தின்றுகொண்டே அந்த வரியை ஸ்டேட்டஸில் போட்டாள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

எங்களுக்குத் தெரிந்த பிளக்ஸ் கடை அண்ணாச்சி அதைப் பார்த்திருக்கிறார். குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் வாசலுக்கு நாலு நல்ல வார்த்தை கேட்டிருந்தார்களாம். "அருவிக்குத் தலையைக் கொடு. தள்ளி நின்று பார்ப்பவனுக்கு அது வெறும் தண்ணீர்" என்று இஸ்திரி போட்ட மாதிரி ஆக்கி, மாமேதையையும் உட்கார வைத்துவிட்டார். பெண்கள் பக்கத்தில் பிறந்த வரியில் 'பார்ப்பவன்' எங்கிருந்து வந்தான்? நேரே கடைக்குப் போய்க் கேட்டேன்.

"அந்த ஐயா படம் ரெடியா வெட்டி வச்சிருக்கேம்மா. ஒன் படத்தப் போட்டா எவன் நின்னு படிப்பான்?" என்றார். கொஞ்சமும் கூச்சமில்லை.

லாட்ஜ் வாசல் பிளக்ஸை யாரோ போட்டோ எடுத்துச் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். அந்த வாரமே ஒரு விடியற்காலை எங்கள் குடும்ப குரூப்பில் அப்பாவின் காலை வணக்கம் வந்தது. ரோஜாப்பூ இல்லை, மாமேதை! அடியில் என் வரி! செங்கோட்டையில் என் வீட்டு அடுக்களையில் நான் பால் பொங்கியதுகூடத் தெரியாமல் நிற்கிறேன், அப்பாவே போன் செய்துவிட்டார்.

"ஏட்டி, பாத்தியா? என்னா மனுசன்! குத்தாலத்துக்கு வராமலே குத்தாலத்தப் பத்திச் சொல்லிட்டாம் பாரு!"

"அப்பா, அது நான் சொன்னதுப்பா."

"நீயா? போன வாரம் சாம்பாருக்கு உப்புப் போட மறந்தவல்லா நீ! பெரிய ஆளு சொன்னதக் காப்பியடிச்சிட்டு நான் சொன்னேங்காத, அசிங்கம்."

என் வரியை நானே திருடிவிட்டேனாம்! போனைத் தூக்கி எறியாதது என் வீட்டுக்காரர் செய்த புண்ணியம். அடுத்த நிமிஷம் தங்கச்சி கூப்பிட்டாள். குசுகுசுவென்று பேசினாள்.

"அக்கா, ஒன் காலப் பிடிச்சுக் கேக்கேன். அது அந்த ஐயா சொன்னதாவே இருக்கட்டும். அப்பா இப்பதான், 'அந்த மெட்ராஸ் வேலைக்கு என்னைக்குப் பதில் சொல்லணும்'னு கேட்டுட்டுப் போறாங்க."

வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தென்காசிக்குப் போனால், அப்பா என்னை உட்கார வைத்து என் வரிக்கே பொழிப்புரை சொல்லுகிறார்.

"அருவின்னா இங்க அருவி இல்லட்டி. வாழ்க்கை. இதுல ஆழமான உள்ளர்த்தம் இருக்கு."

"சொன்ன ஆளுக்கே அது தெரியாதுப்பா" என்று வாய் தவறி வந்துவிட்டது. தங்கச்சி என் தொடையில் கிள்ளிய கிள்ளு ரெண்டு நாள் சிவந்திருந்தது. நான் இருமுவதுபோல முந்தானைக்குள் சிரித்தேன். அப்பா எழுந்து தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு அவள் பக்கம் திரும்பி, "சரி, போயிட்டு வா. தள்ளி நின்னு பாத்தது போதும்" என்றார். நாங்கள் ரெண்டு பேரும் குதித்த குதியில் தம்ளர் உருண்டது.

தென்காசி ஸ்டேஷனில் சாயங்கால ரயில். மாமேதை இன்னொரு தடவை வருவார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு தயாராக நின்றேன். வரவில்லை. அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"தண்ணி, வெயிலுன்னு என்னவெல்லாமோ சொன்னேன். ஒன்ன அனுப்ப எனக்குப் பயமில்லட்டி. நீ இல்லாத வீட்டுக்குத் திரும்பிப் போகத்தான் பயமா இருந்துச்சு."

அம்மா போன பிறகு அந்த வீட்டில் அவர்கள் ரெண்டு பேர்தான். எனக்கு அதுவரை இது தோன்றவே இல்லை. ரயில் நகர்ந்துவிட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கையாட்டினாள்.

வெளியே டீக்கடையில் எங்கள் ரெண்டு போனும் ஒன்றாக முனகின. குடும்ப குரூப்பில் தங்கச்சி ஒரு படம் போட்டிருந்தாள். ஜன்னலில் அவர் சொன்ன அதே வார்த்தைகள். பக்கத்தில் அப்பா படம், நாற்காலியில் கன்னத்தில் கை வைத்துத் தூங்கிக்கொண்டிருக்கும்போது எடுத்தது. அடியில் 'எங்கள் அப்பா' என்று போட்டிருந்தாள்.

அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைத் தள்ளிப் பிடித்து, ரெண்டு தடவை வாசித்தார். டீ ஆறிவிட்டது.

"ஏட்டி," என்றார், முகத்தைத் திருப்பாமல். "அந்த அருவி... நெசமாவே நீ சொன்னதாட்டி?"

"அப்பவே சொன்னேம்லா!" நான் போட்ட சத்தத்தில் டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

"படம் போட்டுல்லா சொல்லணும்" என்றார், சிரித்துக்கொண்டு. ஸ்கூட்டியில் என் பின்னால் ஏறி உட்கார்ந்தார். நான் அவர் வீட்டுத் தெருப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். தோளில் கை வைத்தார்.

"நேரா செங்கோட்டைக்கு விடு. வீட்டுக்கு நாளைக்குப் போய்க்கிடலாம்."