வோட்டர் பம்ப் தேடிய மாதங்கள்

என் மனைவி பிறருடைய வாகனத்தில் வாந்தியெடுக்க மறுத்தாள். போரின் கடைசி ஆண்டுகளில் நான் இணையத்தில் கார் உதிரிப்பாகம் தேடத் தொடங்கியதற்கு வேறு காரணம் இல்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுவதற்காக அவளை வெள்ளவத்தையிலிருந்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. போகும்போது சிரமமில்லை, திரும்பும்போதுதான் குமட்டல். ஓட்டோவில் போகலாமே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"ஆரோ ஒரு மனிசன்ரை ஓட்டோவுக்குள்ளை நான் சத்தி எடுக்கிறதோ? எங்கடை காரெண்டா எங்கடை ஊத்தை. நீங்கள் கழுவுவியள்" என்றாள்.

எங்கள் கார் யப்பானில் சில காலம் ஓடிய பின் கொழும்புக்கு இறக்குமதியானது. அதன் வோட்டர் பம்ப் கசிந்தது. தண்ணீர் குறைந்தால் இயந்திரம் கொதிக்கும். கொதித்தால் கார் நடுவீதியில் நிற்கும். அக்காலக் கொழும்பில் ஒரு தமிழரின் கார் நடுவீதியில் நிற்பதை எவரும் வெறும் இயந்திரக் கோளாறாகக் கருதுவதில்லை.

பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் பம்ப் ஒன்று வாங்கினேன். பெட்டி புதிது, உள்ளே இருந்தது பழைய பம்ப், வெள்ளி வர்ணம் பூசப்பட்டது. இரண்டாவது பயணத்திலேயே ஒழுகியது. கார்க் கம்பனியின் முகவர் நிலையத்தில், அந்த மொடலைத் தாங்கள் இறக்குவதில்லை என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆகவே காலி வீதியில் ஒரு முஸ்லிம் நண்பர் நடத்திய நெற் கபேயில் போய் உட்கார்ந்தேன்.

நான் பல்கலைக்கழகத்தில் அளவையியல் கற்பித்தவன். சான்றுகளை எடைபோடுவது எப்படி என்று பிறருக்குச் சொல்லிக்கொடுத்தே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன். அந்தத் திரையில் எடைபோட எதுவுமே இருக்கவில்லை. எல்லாக் கடைகளும் "உயர்தரம்" என்றன. எல்லாம் "அசலுக்கு நிகர்" என்றன. வெவ்வேறு நாடுகளிலிருந்த நான்கு கடைகள் ஒரே புகைப்படத்தைக் காட்டின, ஒரே நிழலோடு. சுழலும் தகடு எந்த உலோகத்தாலானது என்றோ, உள்ளிருக்கும் பெயரிங் யார் செய்தது என்றோ ஒருவரும் எழுதவில்லை. பொருள் அனுப்பும் நாடுகளின் பட்டியலில் சில கடைகளுக்கு இலங்கை என்றொரு நாடே கிடையாது. ஒரு பக்கம் முழுதாகத் திறப்பதற்குள் நண்பர் எனக்கு ஒரு பிளேன்ரீ கொண்டுவந்து, அது ஆறியும் போய்விடும்.

கடைசியில் ஒரு கடை அகப்பட்டது. அது உலோகத்தைச் சொன்னது. பம்பின் பின்புறத்தையும் படமாகக் காட்டியது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தது.

"சேர், செஸி நம்பர் கேக்குறானே. என்ன செய்ய?" என்றார் நண்பர், குரலைத் தாழ்த்தி.

காரின் சட்டத்தில் வெட்டப்பட்டிருக்கும் இலக்கம் அது. நகரில் குண்டு வெடிக்கும்போதெல்லாம், எரிந்த இரும்பிலிருந்து அந்த இலக்கத்தை எடுத்தே வாகனத்தின் சொந்தக்காரரைத் தேடிப் போவார்கள். எங்கள் வீடுகளில் எவரும் அதை வெளியாருக்குச் சொல்வதில்லை. மனைவியிடம் கேட்டேன்.

"குடுக்காதேங்கோ. நாளைக்கு எங்கையோ எங்கடை நம்பரிலை இன்னொரு கார் ஓடும். பிறகு மருந்து ஏத்த என்னை ஆர் கூட்டிக்கொண்டு போறது?"

அவளுடைய வாதத்தில் எனக்குப் பிழை தெரியவில்லை. காரின் மொடலையும் ஆண்டையும் மட்டும் கொடுத்து ஓடர் செய்தேன்.

பொதி வந்தது; வழியில் பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். உள்ளே இருந்த பம்ப் கையில் கனத்தது. விளிம்புகளில் பிசிறே இல்லை. அதைக் கொட்டாஞ்சேனைக் கராஜுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் அதை இயந்திரத்தோடு வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பொண்ணு நல்ல பொண்ணுதான் சேர். ஆனா இது வேற மாப்பிள்ளைக்குப் பாத்தது."

போல்ட் துளைகள் பொருந்தவில்லை. ஒரே ஆண்டில், ஒரே மொடலில், யப்பானில் இரண்டு வகை இயந்திரங்கள் இருந்திருக்கின்றன. அந்த இலக்கத்தைக் கேட்டதே அதற்காகத்தான். போலிப் பொருளால் ஏமாந்தபோது எனக்கு இவ்வளவு எரிச்சல் வரவில்லை. நல்ல பொருள் கையில் இருந்தும் உதவாமற் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த பயணத்தில் பின் இருக்கை நிறையத் தண்ணீர்ப் போத்தல்கள். திரும்பும் வழியில் கார் கொதித்து நின்றது. நான் பொனெற்றைத் திறந்து ஆவிக்குள் நிற்கிறேன். அவள் உள்ளே பையில் வாந்தியெடுக்கிறாள். ஒரு பொலிஸ்காரர் காரை எடு என்று விசிலடிக்கிறார். அவள் கண்ணாடியை இறக்கி, "அவருக்குச் சொல்லுங்கோ, எங்கள் ரெண்டு பேருக்கும் சுகமில்லையெண்டு. எனக்கும் காருக்கும்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும், "அந்த நம்பரைக் குடுத்துத் துலையுங்கோ" என்று அவளே சொன்னாள்.

கொடுத்தேன். சரியான பம்ப் வந்தது, பொருந்தியது. இரண்டு பயணங்களை ஒரு போத்தல் தண்ணீரும் இல்லாமல் முடித்தோம்.

மூன்றாவது பயணத்துக்கு அவளால் உட்கார முடியவில்லை. அம்புலன்ஸ் வந்தது. படுக்கையில் கிடந்தபடியே, "காரைக் கொண்டு பின்னாலை வாங்கோ. திரும்பி வாறதுக்கு வேணும்" என்றாள். நான் பின்னால் போனேன். சோதனைச் சாவடியில் அம்புலன்ஸை விட்டுவிட்டு என்னை ஓரங்கட்டினார்கள். பொனெற்றைத் திறந்த சிப்பாய், எண்ணெய்க் கறை படிந்த பழைய இயந்திரத்துக்குள் பளபளத்த ஒற்றைப் பாகத்தைக் கண்டார்.

"மேக்க அளுத் நே?" புதிதுதானே, எங்கே வாங்கியது என்று கேட்டார்.

இணையத்தில், வெளிநாட்டிலிருந்து என்று சிங்களத்தில் பதில் சொன்னேன். அந்தப் பதில் நிலைமையை மோசமாக்கியது. மேலதிகாரி வந்தார். செஸி நம்பரைப் பத்திரத்தோடு ஒப்பிட்டார்கள். பிறகு யாருக்கோ தொலைபேசியில் வாசித்தார்கள். பிறகு மறுமொழிக்காகக் காத்திருந்தார்கள். போலிப் பம்போடு எத்தனையோ முறை அதே சாவடியைக் கடந்திருந்தேன்.

நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளை வாட்டில் கிடத்தியிருந்தார்கள்.

"எங்கை நிண்டனீங்கள் இவ்வளவு நேரம்? திரும்பவும் கொதிச்சிட்டுதோ?"

"ஓம்" என்றேன்.

"உங்கடை இன்ரநெற் பம்ப்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள்.

சாவடியைப் பற்றி அந்தக் கட்டிலருகே பேச நான் விரும்பவில்லை. மறுநாள் அவள் கண் திறக்கவில்லை. அதற்கு மறுநாள் இறந்தாள். அன்றும் அந்தப் பம்ப் ஒரு துளியும் கசியவில்லை என்பது அவளுக்குத் தெரியாது.