சூட்டுத் தட்டில் நின்ற எலிகள்

திங்கட்கிழமை காலை காலேஜ் எலிக்கூடத்தின் கதவைத் திறந்ததுமே ரோஸ்லினுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆள் வாடை பட்டால் சுண்டெலிகள் கம்பி மூடிக்குத் தாவி வந்து மூக்கை நீட்டும். அன்று ஒரு கூண்டில் மட்டும் அசைவே இல்லை. மூடியை எடுத்து ஒன்றைக் கையில் ஏந்தினாள். அது காலை மடக்கி வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். தோல் வெந்து கொப்புளம் கட்டியிருந்தது. அடுத்த எலிக்கும் அப்படித்தான். அதற்கடுத்ததற்கும்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

ரோஸ்லின் மரக்காணத்துப் பெண். அப்பா கஸ்பார் கோடை முழுக்க உப்பளப் பாத்தியில் நின்று உப்பு வாரியவர். அம்மா ஆனந்தம்மாள் அதைத் தலையில் சுமந்து கரையில் கொட்டியவள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று இருவர் பாதங்களும் வெடித்துக் கிடக்கும். வெடிப்பில் உப்பு இறங்கி எரியும்போது, வரப்போரம் தானாக முளைத்திருக்கும் சங்கங்குப்பி இலையை அரைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போவார்கள். அந்த இலை நிஜமாகவே வலியைக் குறைக்கிறதா, கட்டிக்கொண்ட நினைப்பில் குறைகிறதா என்பது யாருக்கும் தெரியாது. ரோஸ்லின் பார்மசி படித்து, மேற்படிப்பும் முடித்து, ஈசிஆர் ஓரத்தில் ஒரு தனியார் காலேஜில் வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி இதுதான்.

இலையின் சத்தை இறக்கிச் சுண்டெலிக்குக் கொடுத்து, அதைச் சூடேற்றிய தட்டில் விட வேண்டும். சூடு உறைத்ததும் எலி பாதத்தை நக்கும். நக்கிய மறுகணமே எடுத்துவிட வேண்டும். மருந்து வேலை செய்தால் அது நக்குவதற்குக் கொஞ்சம் நேரம் கூடுதலாகும். நக்காமலே நின்றாலும் ஒரு கெடு உண்டு. அதைத் தாண்டி விட்டுவைத்தால் பாதம் வெந்துபோகும்.

சங்கங்குப்பி கொடுத்த எலிகளும் வெறும் தண்ணீர் கொடுத்த எலிகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் நக்கின. ரோஸ்லினுக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் உள்ளதை உள்ளபடியே எழுதிக் கொடுத்தாள். தாளாளர் புருஷோத்தமனுக்கு அது பிடிக்கவில்லை. அவர் அதற்குள் 'ஆய்வகத்தில் பரிசோதிக்கப்பட்டது' என்று லேபிள் அடித்து, பச்சை நிறத்தில் ஒரு வலித் தைலத்தைத் தயார் செய்துவிட்டிருந்தார். உப்பளத்து ஆட்களுக்கு இலவசமாகக் கொடுத்துப் பேர் வாங்கி, அப்புறம் கடைகளுக்கு இறக்குவது அவர் திட்டம்.

வெந்த பாதங்களைப் பார்த்த கையோடு ரோஸ்லின் ஜூனியர் லெக்சரர் சரவணகுமாரைக் கூப்பிட்டாள்.

"இன்னா சரவணகுமார் இது?"

அவன் கூண்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். "சார்தான் மேடம் ஞாயித்துக்கிழமை வரச் சொன்னாரு. நக்குறத கணக்குல எடுத்துக்காத, குதிக்கிற வரைக்கும் வுடு, டைம் ஜாஸ்தி வரும், மருந்து வேல செஞ்ச மாதிரி காட்டிக்கலாம்னு..."

"நீ வுட்டியா?"

"வேலை போயிடும் மேடம்."

"கத்துச்சா?"

அவன் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

கையிலிருந்த எலியைக் கூண்டில் விட்டுவிட்டு முதலில் எல்லாவற்றுக்கும் வலி மருந்து ஊசி போட்டாள். இலைச்சாறு இல்லை, நிஜமான மருந்து. பிறகு விலங்குப் பரிசோதனைகளைக் கண்காணிக்கும் குழுவில் வெளி உறுப்பினராக இருந்த கால்நடை மருத்துவர் அருள்மொழிக்குப் போன் போட்டாள். அதற்கப்புறம்தான் தாளாளர் அறைக்குப் போனாள்.

புருஷோத்தமன் டீ குடித்துக்கொண்டிருந்தார். "உக்காரும்மா" என்றார். அவள் உட்காரவில்லை.

"எலிதானேம்மா? எப்படியும் கடைசில சாவப்போவுது."

"வலி குடுத்துதான் சார் இந்த டெஸ்ட்டே பண்றோம். அது எனக்குத் தெரியும். எவ்ளோ குடுக்கலாம்னு ஒரு எல்லை இருக்குறதாலதான் பண்ண மனசு வருது. அந்த எல்லைய எடுத்துட்டா அதுக்குப் பேரு டெஸ்ட் இல்ல. அதுங்க காலச் சுட்டு, எங்க ஜனங்க கால்ல பொய்யத் தடவப் பாக்குறீங்க."

"ஒரு எலிக்காக காலேஜ் பேரையே கெடுப்பியா?"

"பேர நீங்க ஞாயித்துக்கிழமையே கெடுத்துட்டீங்க சார்."

மறுநாள் அருள்மொழி வந்தார். கூண்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். விசாரணை முடியும்வரை அங்கே எந்தப் பரிசோதனையும் நடக்கக் கூடாது என்று அங்கேயே சொல்லிவிட்டார். புண்ணான எலிகளைப் பார்த்து, "இதுங்கள இனிமே வச்சிருக்கிறது பாவம்" என்றார். அவற்றை வலியில்லாமல் உறங்கவைக்கும் வேலையை ரோஸ்லினே செய்தாள். வேறு யார் கையிலும் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

தட்டின் கோளாறால் நேர்ந்த விபத்து என்று அவளிடம் கையெழுத்துக் கேட்டார்கள். முடியாது என்றாள். வார முடிவில் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சரவணகுமார் கையெழுத்துப் போட்டான். வேலையில் நிலைத்தான்.

வீட்டுக்கு வந்தால், கஸ்பார் நாற்காலியில் உட்கார்ந்து அதே பச்சைத் தைலத்தைக் காலில் தேய்த்துக்கொண்டிருந்தார். காலேஜ் வேன் வந்து உப்பளத்தில் கொடுத்துவிட்டுப் போயிருந்தது.

"நல்லாத்தான் இருக்குது ரோஸி. ஜில்லுன்னு."

"அது உள்ள போட்டுருக்குற கற்பூரம்ப்பா. இலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல." நடந்ததையெல்லாம் சொன்னாள்.

அவர் முகம் சுருங்கியது. "எலிக்காவ வேலைய வுட்டுட்டு வந்துட்டியா? கங்காணி திட்டுனா நாங்க இன்னா கோச்சிக்கினு வூட்டுக்கா வந்தோம்? பல்லக் கடிச்சிக்கினு நின்னோம்ல?"

தாளாளர் சொன்னதைவிட இதுதான் அவளைச் சுட்டது. "நின்னீங்கப்பா! நின்னுதான் காலு இப்பிடி ஆயிருக்குது. அப்பவே ஒருத்தராவது பாத்திய வுட்டு ஏறி வந்திருக்கலாம்ல?" என்று கத்தினாள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கஸ்பார் பாட்டிலை மூடி வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். பல நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனந்தம்மாள் மட்டும் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "அந்த எலிங்க இன்னா ஆச்சி?"

"செத்துப்போச்சும்மா. நான்தான் ஊசி போட்டேன்."

"வலிச்சிதா?"

"இல்ல. அப்ப வலிக்கல."

அம்மா தலையை ஆட்டினாள். மேற்கொண்டு கேட்காமல் குழம்பை ஊற்றினாள்.

விசாரணை இழுத்தடித்து நடந்தது. கடைசியில் அந்தக் காலேஜில் விலங்குப் பரிசோதனைக்கான அனுமதியை ரத்து செய்தார்கள். தைலம் மட்டும் நிற்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் ரோஸ்லினே பார்த்தாள். 'ஆய்வகத்தில் பரிசோதிக்கப்பட்டது' என்ற வரியின் மேல் கறுப்பு மார்க்கரால் கோடு இழுத்திருந்தார்கள். கோட்டுக்கு அடியில் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போனாள். "எனக்கு இன்னாம்மா தெரியும், கம்பெனில போய்க் கேளு" என்றார் அவர். கோபம் தீராமலே பஸ் ஏறினாள்.

அந்த பஸ் புதுச்சேரிக்குப் போனது. அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் அன்று அவளுக்கு இன்டர்வியூ. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர், பழைய வேலையை ஏன் விட்டாள் என்று கேட்டார். ரோஸ்லின் ஒன்றையும் மழுப்பவில்லை. எலிகளின் பாதத்தையும் சொன்னாள், லேபிளையும் சொன்னாள். குரல் உயர்ந்ததைத் தணித்துக்கொள்ளவும் இல்லை.

அவர் கொஞ்சம் சங்கடமாக நெளிந்தார். "எங்ககிட்ட நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

"ஆமா சார். சம்பளம் அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல எலிக்கூடத்தைத் திறந்து காட்டுங்க."