டாக்சிச் செலவு

என் அக்கா வீட்டுக்காரர் டாக்சி ஓட்டுகிறார். மீட்டருக்கு மேல் காசு கேட்க அவருக்கு வாய் வராது. அப்பேர்ப்பட்ட மாமா தலையில்தான் ஒரு வங்கிக்காரன் மிளகாய் அரைத்தான்.

மாமாவின் வண்டியிலேயே, பின்சீட்டில் சொகுசாகச் சாய்ந்துகொண்டு வந்தான் அவன். "கிரெடிட் கார்டு ஒண்ணு வாங்கிக்கங்கண்ணே. வருசக் கட்டணம் கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனா டாக்சிச் செலவுக்கு இதுல கட்டினா, மாசாமாசம் ஒரு தொகை உங்க கணக்குக்கே திரும்பி வந்துரும்" என்றான். இறங்குவதற்குள் கையெழுத்தும் வாங்கிவிட்டான்.

டாக்சிக்காரருக்கு டாக்சிச் செலவு என்றால் வேறென்ன? மாமா பெட்ரோல் போட்டார், டயர் மாற்றினார், பிரேக்கைச் சரிசெய்தார். எல்லாம் அந்தக் கார்டில்தான். பில் வந்தபோது வருசக் கட்டணம் முதல் வரியிலேயே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. திரும்பி வரவேண்டிய தொகையைத்தான் காணோம்.

அக்கா வங்கிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"டாக்சியில ஏறிப் போற செலவுக்குத்தான் மேடம் சலுகை. ஓட்டுற செலவுக்கு இல்ல" என்றது தேன் ஒழுகும் குரல்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப வருசக் கட்டணத்தையும் ஏறிப் போறவங்ககிட்டயே வாங்க வேண்டியதுதானே?"

"விதிமுறையில தெளிவாவே இருக்கு மேடம்."

அதிர்ந்து பேசாத மாமா போனைப் பிடுங்கினார். "விதிமுறை கிடக்கட்டும்மா. இத என் தலையில கட்டினவன் என் வண்டியிலதான் உக்காந்திருந்தான். ஸ்டியரிங்கப் பிடிச்சிருந்தது யாருன்னு அவனுக்குக் கண்ணு தெரியலயா?"