தனக்கோடியின் இரண்டாவது குரல்

என் அம்மா தனக்கோடிக்கு இரண்டு குரல்கள். தமிழில் பேசினால் நாலாவது வீட்டுக்குக் கேட்கும். கன்னடத்தில் பேசினால் எதிரில் இருப்பவர் குனிந்து கேட்க வேண்டும். தொண்ணூற்றொன்றில் எங்கள் கன்னட ஊரில் தமிழர்களை அடித்த கலவரத்துக்குப் பிறகு, வெளியாட்களிடம் இரண்டாவது குரல்தான்.

தொண்ணூற்று மூன்றில், ஆறாம் வகுப்பில், பக்கத்தில் உட்காரும் மஞ்சுநாத்தின் முன்பல்லை டிபன்பாக்ஸால் உடைத்துவிட்டேன். இரண்டு வீட்டாரும் சமாதானமாகிக் கையெழுத்துப் போட்ட கடிதம் வந்தால்தான் பரீட்சை எழுதலாம் என்றார் ஹெட்மாஸ்டர். ஞாயிறு காலை அவன் பெற்றோர் லிங்கராஜபுரத்தில் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு வந்தார்கள்.

"கூத்கொள்ளி, கூத்கொள்ளி" என்று அம்மா கட்டிலில் உட்காரச் சொன்னாள். மஞ்சுநாத் என்று பெயர், வகுப்பில் பேசுவதும் கன்னடம். வேறென்ன நினைப்போம்? அரை மணி நேரம் மழையையும் பஸ்ஸையும் பற்றிக் கன்னடத்தில் மரியாதை நடந்தது. அவன் அப்பா இராஜமாணிக்கம் பேனா மூடியைத் திறந்தார்.

அப்போதுதான் அம்மா, முகத்தில் சிரிப்பு மாறாமல், அப்பாவிடம் தமிழில் சொன்னாள்: "ஆடிக்கிட்டிருந்த பல்லுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டம். இந்தம்மா பவுசப் பாரு, காபியத் தொடல."

மஞ்சுவின் அம்மா ரத்தினம்மாளும் சிரித்தபடியே தன் கணவரிடம் திரும்பினாள்: "எப்படித் தொடறது? டம்ளர்ல ஈ மெதக்குது. சொன்னா பாவம், சங்கடப்படுவாங்களேன்னு உக்காந்திருக்கேன்."



"அய்யோ, நீங்க தமிழா?" என்றாள் அம்மா.

"தர்மஸ்தலா மஞ்சுநாத சாமிக்கு வேண்டிக்கிட்டுப் பொறந்தவன். அதான் அந்தப் பேரு" என்ற இராஜமாணிக்கம், பேனாவை மூடினார். "பல்லு ஆடிச்சுன்னீங்களே?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆடல. நல்ல பல்லுதான். எம்மவன்தான் ஒடச்சான், தப்பு எங்களுதுதான்" என்றாள் அம்மா, நாலு வீட்டுக்கும் கேட்கும்படி. அதுவரை அவள் தப்பென்று ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை.

ரத்தினம்மாள் டம்ளரை நீட்டினாள். "வேற போடுங்க. சக்கர கம்மியா."

இரண்டாவது காபிக்குப் பிறகு கையெழுத்து விழுந்தது.

அடுத்த பத்து வருஷம் இரண்டு அம்மாக்களும் சேர்ந்தே சிவாஜிநகருக்குக் கறி வாங்கப் போனார்கள். "ஏ ரத்தினா, ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு, எலும்பா அள்ளிட்டு வந்திருக்க!" என்று அம்மா கத்திக்கொண்டிருக்கும்வரை பயமில்லை. ஆனால் என்றாவது ரத்தினம்மாளிடமே வாசலில் "கூத்கொள்ளி" என்று மெல்லக் கேட்டால், நானும் மஞ்சுவும் சத்தமில்லாமல் தெருவுக்கு நழுவிவிடுவோம்.